குழாய் அரசியல் – 12: லிதுவேனியா திறந்த இரண்டாவது வாசல்

1990 ஏப்ரல் 13, புனித வெள்ளி. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் லிதுவேனியா ஈஸ்டருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அன்று மாஸ்கோவிலிருந்து வில்னியஸுக்கு ஒரு கடிதம் வந்தது. சோவியத் அதிபர் மிகயில் கோர்பசேவும் பிரதமர் நிகோலாய் ரிஷ்கோவும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். சுதந்திரப் பிரகடனத்துக்குப் பிறகு லிதுவேனியா இயற்றிய சட்டங்களை இரண்டு நாளில் திரும்பப் பெற வேண்டும். தவறினால், வெளிநாட்டுச் சந்தையில் டாலருக்கு விற்கக்கூடிய சரக்கு எதுவும் இனி அந்தக் குடியரசுக்கு வராது. இதுதான் கடிதத்தின் சாரம்.

டாலருக்கு விற்கக்கூடிய சோவியத் சரக்குகளில் முதலிடம் கச்சா எண்ணெய்க்கு. அடுத்த இடம் இயற்கை எரிவாயுவுக்கு. இரண்டும் லிதுவேனியாவுக்குள் குழாய் வழியாகத்தான் வந்தன. குழாயின் தொடக்கம் ரஷ்யாவில் இருந்தது. அதைத் திறந்து மூடும் அதிகாரமும் அங்கேதான் இருந்தது.

வில்னியஸ் பணியவில்லை. ஏப்ரல் 18 இரவு, மஜெய்க்கியாய் சுத்திகரிப்பு ஆலைக்கு வந்துகொண்டிருந்த கச்சா எண்ணெய் நின்றது. மறுநாள் எரிவாயு வரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 11 அன்று, லிதுவேனியாவின் உச்ச சபை கூடி, சோவியத் யூனியனிலிருந்து விலகிய முதல் குடியரசாகத் தன்னை அறிவித்திருந்தது. ஆதரவாக 124 வாக்குகள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, ஆறு பேர் வாக்களிக்கவில்லை. சபையின் தலைவர் விட்டாவ்டஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் ஓர் இசை ஆய்வாளர். எண்ணெயைப் பற்றியும் எரிவாயுவைப் பற்றியும் முடிவெடுக்கும் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது.

கடந்த அத்தியாயங்களில், எண்ணெயும் எரிவாயுவும் கையில் இருக்கும் அரசுகள் அண்டை நாடுகளை எப்படி வளைக்கின்றன என்று பார்த்தோம். இந்த வாரம் எதிர்ப்பக்கம் போய் நிற்போம். எதிரி பெரியவன், அடுப்பு எரிவதும் அவன் தயவில்தான் என்ற நிலையில் ஒரு சின்ன நாடு என்ன செய்ய முடியும்? இன்று 28 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களே வாழும் லிதுவேனியா, இந்தக் கேள்விக்கு விடை தேடி 35 ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பைக் கூர்ந்து பார்த்தால் வேறு பல நாடுகளுக்கும் பாடம் இருக்கிறது.

எழுபத்தைந்து நாள்

முற்றுகை தொடங்கிய சில நாட்களிலேயே சுத்திகரிப்பு ஆலை நின்றது. பால்டிக் பகுதி முழுமைக்கும் இருந்த ஒரே ஆலை அது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வீடுகளுக்குப் பொதுக்குழாயில் வந்துகொண்டிருந்த வெந்நீர் நின்றது. மூலப்பொருள் இல்லாமல் தொழிற்சாலைகள் மூடத் தொடங்கின. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது.

மேற்கு நாடுகள் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை லிதுவேனியர்களுக்கு இருந்தது. அமெரிக்கா 1940ஆம் ஆண்டின் சோவியத் இணைப்பை ஒருநாளும் சட்டப்படி ஏற்றதில்லை. ஆனால் 1990 வசந்தத்தில் அதிபர் புஷ்ஷின் கவலையெல்லாம் கோர்பசேவ் கவிழ்ந்துவிடக் கூடாது என்பதுதான். ஜெர்மனி இணையவிருந்த நேரம் அது. மாஸ்கோவின் சம்மதம் இல்லாமல் அந்த இணைப்பு நடக்காது. ஏப்ரல் 26 அன்று பிரெஞ்சு அதிபர் மித்தெரானும் மேற்கு ஜெர்மன் பிரதமர் கோலும் சேர்ந்து லாண்ட்ஸ்பெர்கிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பிரகடனத்தின் விளைவுகளைச் சிறிது காலம் நிறுத்திவைத்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு உட்காருங்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை.

பிரதமர் காசிமிரா ப்ரூன்ஸ்கியெனே தலைநகரம் தலைநகரமாகப் போய் ஆதரவு கேட்டார். வரவேற்பு கிடைத்தது. எண்ணெய் கிடைக்கவில்லை. கடைசியில் ஜூன் 29 அன்று, பேச்சுவார்த்தை தொடங்கும் நாளிலிருந்து நூறு நாட்களுக்குப் பிரகடனத்தின் செயல்பாட்டை நிறுத்திவைக்க உச்ச சபை ஒப்புக்கொண்டது. ஜூலை தொடக்கத்தில் எண்ணெய் மீண்டும் வந்தது.

இதைத் தோல்வி என்று சொல்ல நான் தயாரில்லை. பிரகடனத்தை அவர்கள் ரத்து செய்யவில்லை, நிறுத்திவைத்தார்கள். 1991 ஜனவரி 13 அன்று சோவியத் படைகள் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடிக்க வந்தபோது, ஆயுதம் ஏதுமின்றி நின்ற பொதுமக்கள் 14 பேர் உயிரிழந்தார்கள். அப்போதும் நாடு பின்வாங்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றபின் உலகம் லிதுவேனியாவை அங்கீகரித்தது.

கொடி மாறியது, குழாய் மாறவில்லை. 1992 குளிர்காலத்தில் எரிபொருள் பஞ்சம் மறுபடியும் வந்தது. வீடுகள் சில்லிட்டன. அந்த ஆண்டின் இலையுதிர்காலத் தேர்தலில், விடுதலையை முன்னின்று நடத்திய சஜூதிஸ் இயக்கத்தை மக்கள் தோற்கடித்து, முன்னாள் கம்யூனிஸ்டுகளின் கட்சியை ஆட்சியில் அமர்த்தினார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், குளிரும் அவற்றில் ஒன்று. அரசியல் விடுதலை கிடைத்த பிறகும் குடிமக்களின் வீட்டை யார் சூடாக்குவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத அரசு நிலைக்காது என்பதை லிதுவேனியத் தலைவர்கள் அந்த ஆண்டு கற்றார்கள்.

கடலோரத்தில் ஒரு வீண்செலவு

முதல் வாசல் எண்ணெய்க்குத் திறந்தது. பால்டிக் கடலோரத்தில், லாத்வியா எல்லையை ஒட்டி, புடிங்கே என்றொரு சிற்றூர். அங்கே கடலுக்குள் மிதவை அமைத்து, கப்பல்களில் எண்ணெய் ஏற்றி இறக்கும் முனையம் ஒன்றைக் கட்டினார்கள். 1999இல் அது திறக்கப்பட்டது. மஜெய்க்கியாய் ஆலையையும் முனையத்தையும் ஒரு குழாய் இணைத்தது. திட்டமிட்டதைவிடச் செலவு எகிறியது. ரஷ்ய எண்ணெய்தான் குழாயில் மலிவாக வருகிறதே, கடலில் எதற்கு இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டும் என்று எதிர்ப்பு கிளம்பியது.

அதே ஆண்டு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். ரஷ்ய நிறுவனமான லூக்காயில் ஆலையின் மீது கண் வைத்திருந்தது. அதன் கையில் போகாமல் தடுக்க, அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனத்துக்குப் பங்குகளை விற்றது அரசு. விற்ற விதத்தில், வாங்கியவருக்கே அரசு பெருந்தொகையைக் கடனாகத் தரும்படி ஒப்பந்தம் அமைந்தது. கையெழுத்திட மறுத்த பிரதமர் ரோலந்தாஸ் பக்ஸாஸ் பதவி விலகினார். இத்தனைக்கும் பிறகு வில்லியம்ஸால் கச்சா எண்ணெயைத் தடையில்லாமல் பெற முடியவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2002இல், அது ரஷ்ய நிறுவனமான யூகோஸிடம் பங்குகளை விற்றுவிட்டுப் போனது. ஆலைக்கு மேற்கத்திய முதலாளி கிடைத்துவிட்டால் பாதுகாப்பும் கிடைத்துவிடும் என்ற கணக்கு பொய்த்தது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

யூகோஸின் அதிபர் கோதர்கோவ்ஸ்கி 2003இல் கைதானார், நிறுவனம் சிதைந்தது. ஆலை மீண்டும் விற்பனைக்கு வந்தது. ரஷ்ய நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. 2006இல் போலந்தின் ஓர்லென் நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. அந்த ஜூலையிலேயே, ரஷ்யாவின் பிரியான்ஸ்க் பகுதியில் ட்ரூஷ்பா எண்ணெய்க் குழாயில் கசிவு என்று சொல்லி, லிதுவேனியாவுக்குப் போகும் கிளையை மூடினார்கள். பழுதுபார்த்துத் திறப்பார்கள் என்று காத்திருந்தார்கள். அந்தக் கிளை பிறகு திறக்கவே இல்லை.

1990இல் நடந்தது போலவே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அதுவரை ஏற்றுமதிக்கே பயன்பட்ட புடிங்கே முனையத்தைத் திருப்பி, இறக்குமதி முனையமாக ஓட்டினார்கள். கப்பலில் எண்ணெய் வந்தது, குழாயில் ஆலைக்குப் போனது. செலவு கூடியது. ஆலை ஓடியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் வீண்செலவு என்று திட்டப்பட்ட முனையம், ஒரே கோடைகாலத்தில் தன் தேவையை நிரூபித்தது. வடக்குக் கடல் நாடுகளோ வேறு எந்த நாடோ, விற்கத் தயாராக இருப்பவர் யாரிடமும் இனி எண்ணெய் வாங்கலாம்.

விலைச்சீட்டில் எழுதப்பட்ட தனிமை

எரிவாயு இதைவிடக் கடினமான கதை. கச்சா எண்ணெயைச் சாதாரணக் கப்பலில் கொண்டுவரலாம். எரிவாயுவுக்கு அந்த வசதி கிடையாது. 2014 வரை லிதுவேனியா எரித்த எரிவாயு முழுவதும் ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோமிடமிருந்து, பெலாரஸ் வழியாக, ஒரே குழாயில் வந்தது. அதை நாட்டுக்குள் விநியோகித்த லிதுவோஸ் துயோஸ் நிறுவனத்திலும் காஸ்ப்ரோமுக்கு 37 சதவீதப் பங்கு இருந்தது. விற்பவரும் அவரே, வாங்கும் நிறுவனத்தின் பங்காளியும் அவரே.

2009இல் நிலைமை இன்னும் இறுகியது. இக்னலினா அணுமின் நிலையம் மூடப்பட்டது அந்த ஆண்டின் கடைசி நாளில். செர்னோபில் வகை உலைகள் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர அதை மூடியாக வேண்டும் என்பது நிபந்தனை. 1993இல் நாட்டின் மின்சாரத்தில் 88 சதவீதத்தைத் தந்த நிலையம் அது. மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த நாடு, வாங்கும் நாடாக மாறியது. எரிவாயுவின் தேவை கூடியது. விற்பவரின் பலமும் கூடியது.

2012, 2013 ஆண்டுகளில் ஆயிரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 டாலர் கொடுத்தது லிதுவேனியா. குழாயின் வழியில் இன்னும் தொலைவில் இருக்கும் ஜெர்மனி அதைவிடக் குறைவாகக் கொடுத்தது. தூரம் கூடினால் விலையும் கூட வேண்டும் என்பது வணிகக் கணக்கு. இங்கே தலைகீழாக இருந்ததற்குக் காரணம், ஜெர்மனிக்கு நார்வே, நெதர்லாந்து என்று வேறு வழிகள் இருந்தன. லிதுவேனியாவுக்கு இல்லை. அடுத்த வழி இல்லாதவர் கட்டும் அபராதம்தான் அந்த விலை வித்தியாசம்.

அரசு இரண்டு முனைகளில் வேலையைத் தொடங்கியது. ஒன்று சட்டம். குழாயின் உரிமையையும் எரிவாயு விற்பனையையும் ஒரே கையில் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்தது. உறுப்பு நாடுகளுக்குச் சில மென்மையான வழிகளும் அதில் இருந்தன. லிதுவேனியா ஆகக் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது: குழாய் வேறு, வியாபாரம் வேறு என்று முழுமையாகப் பிரிக்க வேண்டும். காஸ்ப்ரோம் எதிர்த்தது, சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கும் போனது. லிதுவேனியா அசையவில்லை. 2014இல் காஸ்ப்ரோம் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது.

எல்லா வழக்கிலும் வெற்றி கிடைத்துவிடவில்லை. அதிக விலை வாங்கியதற்கு இழப்பீடாகச் சுமார் 140 கோடி யூரோ கேட்டு ஸ்டாக்ஹோம் தீர்ப்பாயத்தில் லிதுவேனியா தொடுத்த வழக்கு 2016இல் தோற்றது. காஸ்ப்ரோம் மீது ஐரோப்பிய ஆணையம் 2012இல் தொடங்கிய போட்டிச் சட்ட விசாரணையும் 2018இல் அபராதம் இல்லாமல், சில உறுதிமொழிகளோடு முடிந்தது. நியாயம் நம் பக்கம் இருக்கிறது, ஆகவே நீதிமன்றம் நம்மைக் காப்பாற்றும் என்று ஒரு நாடு உட்கார்ந்திருக்க முடியாது. லிதுவேனியா உட்கார்ந்திருக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, தென்கொரியாவின் உல்சான் நகரத்தில் அதற்காக ஒரு கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது.

மிதக்கும் முனையம்

இயற்கை எரிவாயுவை மைனஸ் 160 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே குளிர்வித்தால் அது திரவமாகிறது. பருமன் ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த நிலையில் கப்பலில் ஏற்றி உலகின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் சூடாக்கி வாயுவாக்கிக் குழாயில் விட வேண்டும். இதற்குக் கரையில் பிரம்மாண்டமான ஆலை கட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். லிதுவேனியாவுக்கு அவ்வளவு காலமும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. அதனால் ஆலையையே கப்பலாகக் கட்டி வாடகைக்கு எடுத்தது.

ஹூண்டாய் கட்டிய அந்தக் கப்பலின் நீளம் 294 மீட்டர். 1,70,000 கன மீட்டர் திரவ எரிவாயு அதன் தொட்டிகளில் கொள்ளும். சரக்குக் கப்பல் அதன் பக்கவாட்டில் வந்து நிற்கும், திரவம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். கடல்நீரின் வெப்பத்தைக் கொண்டே திரவம் வாயுவாகும், 18 கிலோமீட்டர் இணைப்புக் குழாய் வழியாக நாட்டின் எரிவாயு வலையத்தில் சேரும். ஓர் ஆண்டில் நாட்டின் தேவை முழுவதையும் தனியாகவே சமாளிக்கும் திறன் அதற்கு இருந்தது. நார்வேயின் ஹோக் நிறுவனத்திடமிருந்து பத்தாண்டு வாடகை. நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். கப்பலுக்கு 'இண்டிபென்டன்ஸ்' என்று பெயரிட்டார்கள்.

2014 அக்டோபர் 27 அன்று கப்பல் கிளைப்பேடா துறைமுகத்துக்குள் நுழைந்தது. குளிர்காலத்திலும் உறையாத துறைமுகம் அது. கரையில் மக்கள் திரண்டு நின்றார்கள். அதிபர் தாலியா க்ரிபவுஸ்கைட்டே வரவேற்றார். தேசியவிழா போலவே நடந்தது அந்த நாள்.

நாம் கவனிக்க வேண்டிய தேதி அதற்கு முன்னால் இருக்கிறது. கப்பல் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, மே மாதத்தில், காஸ்ப்ரோம் லிதுவேனியாவுக்கான விலையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. 2013 முதலே முன்தேதியிட்டும் தந்தது. ஆண்டுக்கணக்காக முறையிட்டும் அசையாத விலை, உல்சானிலிருந்து ஒரு கப்பல் புறப்படப்போகிறது என்றதும் இறங்கியது. அப்போது அந்தக் கப்பலிலிருந்து ஒரு கன மீட்டர் எரிவாயுகூட லிதுவேனியாவுக்குள் வந்திருக்கவில்லை.

நாட்டுக்குள் விமர்சனம் ஓயவில்லை. முதல் ஆண்டுகளில் முனையத்தின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அதன் செலவு எரிவாயு வாங்குபவர்களின் கட்டணத்தில் ஏறியது. யோனவா நகரத்தில் இருக்கும் அக்கெமா உர ஆலை, நாட்டின் ஆகப்பெரிய எரிவாயு நுகர்வோர், இந்தக் கூடுதல் கட்டணத்தை எதிர்த்து வழக்காடியது. விமர்சகர்களின் கணக்கு ஒரு வகையில் சரி. பயன்பட்ட எரிவாயுவை மட்டும் வைத்துப் பார்த்தால் முனையம் நஷ்டம். பயன்படுத்தாமலேயே அது குறைத்துக் கொடுத்த விலையையும், அது இல்லாதிருந்தால் பணிந்திருக்க வேண்டிய நெருக்கடிகளையும் எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? பாதுகாப்பின் வரவு எப்போதும் கண்ணுக்குத் தெரியாது, செலவு மட்டும் மாதாமாதம் தெரியும். அந்தச் செலவை மக்கள் முன் நியாயப்படுத்தும் தைரியம் அரசியல்வாதிகளுக்கு இருந்தாக வேண்டும். வில்னியஸில் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. திட்டம் மாறவில்லை.

மாஸ்கோவின் தாளத்தில் சுழன்ற மின்சாரம்

மின்சாரத்தில் அவர்கள் சறுக்கியதும் உண்டு. இக்னலினாவுக்குப் பதிலாக விசாகினஸில் ஜப்பானின் ஹிட்டாச்சியோடு சேர்ந்து புதிய அணுமின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். 2012 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. எல்லைக்கு அப்பால், வில்னியஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், பெலாரஸின் அஸ்த்ரவெட்ஸில் ரஷ்யாவின் ரோசாட்டம் கட்டிய அணு உலை 2020 நவம்பரில் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரத்தை வாங்க மாட்டோம் என்று லிதுவேனியா சட்டமே இயற்றியிருந்தது.

வாங்காமல் இருக்கலாம். மின்கட்டமைப்பிலிருந்து பிரிவது அவ்வளவு எளிதில்லை. ஒரு மின்கட்டமைப்பில் இருக்கும் எல்லா ஜெனரேட்டர்களும் நொடிக்கு ஐம்பது சுழற்சி என்ற ஒரே அதிர்வெண்ணில் இணைந்து ஓட வேண்டும். தேவை ஏறினால் அதிர்வெண் இறங்கும், உடனே எங்காவது உற்பத்தியைக் கூட்டிச் சமன் செய்ய வேண்டும். லிதுவேனியா, லாத்வியா, எஸ்தோனியா மூன்றும் ரஷ்யா, பெலாரஸோடு ஒரே வளையத்தில் இருந்தன. சமன் செய்யும் அதிகாரம் மாஸ்கோவில் இருந்தது. நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2004 முதல் உறுப்பினராக இருந்த நாடுகளின் விளக்குகள், இருபது ஆண்டுகள் மாஸ்கோவின் கட்டுப்பாட்டு அறையை நம்பி எரிந்தன.

பிரிவதற்கு முதலில் வேறு இணைப்புகள் வேண்டும். 2015இன் இறுதியில் போலந்தோடு ஓர் இணைப்பு வந்தது. ஸ்வீடனோடு பால்டிக் கடலடியில் 700 மெகாவாட் கேபிள் வந்தது. அந்தக் கேபிளைப் பதித்துக்கொண்டிருந்தபோது ரஷ்யப் போர்க்கப்பல்கள் குறுக்கிட்டதாக லிதுவேனியா முறைப்படி கண்டனம் தெரிவித்தது. அதிர்வெண்ணைத் தாங்கிப்பிடிக்க, எரிபொருள் இல்லாமலே கனத்த சுழலிகளைச் சுற்றவிடும் சிங்க்ரனஸ் கண்டென்சர் இயந்திரங்களை நாட்டுக்கு மூன்றாக நிறுவினார்கள். மொத்தச் செலவு சுமார் 160 கோடி யூரோ. அதில் முக்கால் பங்கை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது.

2025 பிப்ரவரி 8 காலையில் மூன்று நாடுகளும் ரஷ்யக் கட்டமைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைத் துண்டித்துக்கொண்டன. ஒரு பகலும் ஓர் இரவும் யாருடைய துணையும் இன்றித் தங்கள் அதிர்வெண்ணைத் தாங்களே காத்தன. மறுநாள் பிற்பகல் போலந்து வழியாக ஐரோப்பாவின் கட்டமைப்போடு இணைந்தன. எந்த நகரமும் இருளில் மூழ்கவில்லை. பல ஆண்டுகளாகப் பொறியாளர்கள் செய்த வேலையின் வெற்றி, அன்று வீடுகளில் யாரும் எந்த மாற்றத்தையும் உணராததில் இருந்தது.

சோதனை வந்த ஆண்டு

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழுப்படையெடுப்பைத் தொடங்கியது. ஐரோப்பாவின் பெரிய தலைநகரங்கள் ரஷ்ய எரிவாயு இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கின. ஏப்ரல் 2 அன்று, ரஷ்ய எரிவாயு இறக்குமதியை முற்றிலும் நிறுத்திவிட்டோம் என்று லிதுவேனியா அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி அறிவித்த முதல் நாடு அதுதான். அடுத்த மாதம் போலந்தோடு 508 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் திறந்தது. மே மாதம் முடிவதற்குள் ரஷ்ய எண்ணெயும் மின்சாரமும் நின்றன. சும்மா கிடந்த கிளைப்பேடா முனையத்தில் இடம் பிடிக்க அண்டை நாடுகள் முண்டியடித்தன. லாத்வியாவுக்கும் எஸ்தோனியாவுக்கும் போலந்துக்கும் அங்கிருந்து எரிவாயு போனது. 2024 டிசம்பரில் அந்தக் கப்பலை லிதுவேனியா சொந்தமாகவே வாங்கியது.

இதை வலியில்லாத வெற்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த ஆண்டு லிதுவேனியாவில் விலைவாசி உயர்வு 20 சதவீதத்தைத் தாண்டியது. ஆகஸ்ட் 17 மாலையில் மின்சந்தையில் ஒரு மெகாவாட் மணி 4,000 யூரோவைத் தொட்டது. அக்கெமா ஆலை செப்டம்பரில் அம்மோனியா உற்பத்தியை நிறுத்தியது. மாற்றுவழி இருந்தால் விலை ஏறாது என்று யாரும் சொல்ல முடியாது. சந்தை எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இதில் இருக்கிறது: 1990இல் எண்ணெய் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை, அதனால் அரசு தன் பிரகடனத்தை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 2022இல் அதிக விலை கொடுத்தார்கள், ஆனால் எந்த முடிவையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

லிதுவேனியாவின் கையில் ஒரு துருப்புச்சீட்டும் இருந்தது. லிதுவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவே, தாய்நாட்டிலிருந்து துண்டாகக் கிடக்கும் ரஷ்யப் பகுதி கலினின்கிராட். அங்கே குழாயில் போகும் எரிவாயு, லிதுவேனியாவின் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. ரஷ்ய எரிவாயுவை வாங்க மறுத்த பிறகும், கலினின்கிராட் வீடுகளுக்குப் போகும் எரிவாயுவை லிதுவேனியா நிறுத்தவில்லை. 2022 ஜூனில் ஐரோப்பியத் தடைப்பட்டியலில் இருந்த சரக்குகளை ரயிலில் அனுப்ப மறுத்தபோது மாஸ்கோ கடுமையாக மிரட்டியது. அங்கேயும் ஒன்றியத்தின் விதியை வாசித்து, விளக்கம் வந்தபிறகு அதன்படியே நடந்தார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தன் மக்களைக் குளிரில் வாட்டியவர்களின் மக்களைக் குளிரில் வாட்டும் வாய்ப்பு கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாதது அறம். நல்ல அரசியலும் அதுவே. ஒப்பந்தத்தை மதிக்கும் நாடு என்ற பெயர்தான் சின்ன நாட்டுக்குத் துணைகளைத் தேடித் தருகிறது. அந்தத் துணைகள் இல்லாமல் போலந்துக் குழாயும் இல்லை, ஸ்வீடன் கேபிளும் இல்லை, 160 கோடி யூரோவும் இல்லை.

பெரிய அண்டை நாட்டை மாற்ற லிதுவேனியாவால் முடியாது. அதன் அருகிலிருந்து நகரவும் முடியாது. அதனோடு வியாபாரம் செய்ய மறுத்து வீராப்புப் பேசுவதிலும் அது காலத்தைக் கழிக்கவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் ரஷ்ய எரிவாயுவை வாங்கிக்கொண்டேதான் இருந்தது. வாங்கிக்கொண்டே, வாங்காமல் இருக்கும் திறனையும் கட்டியது. ஆற்றல் வளம் மிக்க எதிரியைக் கையாளுவதில் இதைவிட முக்கியமான வேலை இல்லை என்றே நான் நினைக்கிறேன். அமைதிக்காலத்தில் கட்ட வேண்டும், ஏனென்றால் நெருக்கடி வந்தபின் கட்ட நேரமிருக்காது. மலிவு விலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த மலிவுதான் தூண்டிலில் இருக்கும் புழு. தேர்தலுக்குத் தேர்தல் கொள்கையை மாற்றாமல் இருக்க வேண்டும்.

சின்ன நாட்டால் இது முடிந்தது. ஐரோப்பாவின் ஆகப்பெரிய பொருளாதாரத்தால் ஏன் முடியவில்லை? கிளைப்பேடாவில் கப்பல் வந்து நின்றபின்னும், அதே பால்டிக் கடலடியில் ரஷ்யாவோடு இரண்டாவது நேரடிக் குழாய் பதிக்க ஜெர்மனி உடன்பட்டது. 2021இல் தன் எரிவாயுவில் பாதிக்கும் மேல் ரஷ்யாவிடமிருந்து வாங்கியது. போலந்தும் பால்டிக் நாடுகளும் திரும்பத் திரும்ப எச்சரித்தும் பெர்லின் ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை? அடுத்த வாரம் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்களின் கதையில் அதைத் தேடுவோம்.

(தொடரும்)